அம்மாவின் நினைவு மலரும் அதை ஆக்கித் தந்த வெள்ளவத்தை அச்சகமும்

2024 நவம்பரில் எங்கள் அம்மா தமது எண்பத்து மூன்றாவது வயதில் காலமானார். அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலரைக் கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள ஒரு சிறிய அச்சகத்தில் செய்வித்தோம். அவர்களுடைய வேலை எப்படி இருந்தது, என்ன செலவானது, எங்கே பிழை விட்டார்கள் என்பவற்றை இங்கே எழுதுகிறேன். துக்க வீட்டில் இருப்பவர்களுக்கு நாலு இடத்தில் விசாரித்து அச்சகம் தெரிவுசெய்யும் மனநிலை இருப்பதில்லை. யாரோ ஒருவர் தரும் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து, அவர்கள் சொல்வதற்கெல்லாம் சரி என்று சொல்லிவிடுகிறோம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்.

அச்சகத்தின் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. உரிமையாளர் ஒரே காலத்தில் இரண்டு மலர்களுக்கு மேல் பொறுப்பேற்பதில்லை. பெயர் பரவினால் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும் என்றும், துக்க வீட்டாரைத் திருப்பி அனுப்புவது தமக்கு மிகவும் கடினமான காரியம் என்றும் சொல்லி, பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், வெள்ளவத்தைச் சந்தையிலிருந்து நடந்துபோகக்கூடிய தூரத்தில் அது இருக்கிறது. அந்தப் பகுதியில் நினைவு மலர் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். யாழ்ப்பாணத்தார் இதைக் ‘கல்வெட்டு’ என்பார்கள். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் ஆகிய கிரியைகள் முடிந்தபின், வந்தவர்களுக்கு உணவளித்து, வீட்டுக்கு ஒரு பிரதியாகக் கொடுக்கும் சிறு நூல் அது. முன்பு அதில் இறந்தவரின் குலமும் ஊரும் சுற்றமும் செய்யுளில் பாடப்பட்டன. இப்போது வாழ்க்கை வரலாறு, திதி வெண்பா, திருமுறைப் பாடல்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதும் குறிப்புகள், வம்சாவளி, நன்றி நவிலல் என்று உரைநடையும் படங்களுமாக மாறியிருக்கிறது. கல்லில் வெட்டாத கல்வெட்டு என்றாலும் குடும்பத்தின் ஆவணமாக நிற்பது அதுவே. எங்கள் அப்பப்பாவின் பெயரையும் அவர் பிறந்த ஆண்டையும் அறிவதற்கு இன்று எங்களிடம் இருப்பது அவருடைய கல்வெட்டு ஒன்றுதான்.

முதலில் தொடர்புகொண்ட அச்சகம் வேறு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் அழைத்தபோது, பிரதி ஒன்று 450 ரூபாய் என்றும், பெயர், ஊர், பெற்றோர், கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகிய விபரங்களை வட்ஸ்அப்பில் அனுப்பினால் மிகுதியைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். அனுப்பினேன். இரண்டு மணித்தியாலத்தில் வாழ்க்கை வரலாறு வந்து சேர்ந்தது. ‘கருணையின் வடிவமாகவும் குடும்பத்தின் குலவிளக்காகவும் திகழ்ந்து, கலைத்தொண்டும் சமூகத்தொண்டும் இரு கண்களெனப் போற்றி வாழ்ந்தவர்’ என்று தொடங்கியது. ஒரு சொல்லும் பொய்யில்லை. அம்மா கருணையுள்ளவர், குடும்பத்துக்காக வாழ்ந்தவர், அறுபது வருடங்களுக்கு மேல் சங்கீதத்தோடு இருந்தவர், பிறருக்கு ஓடி ஓடி உதவியவர். ஆனால் பெயரை எடுத்துவிட்டு அதே பக்கத்தை அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கும் வைக்கலாம், எதிர்வீட்டு ஆச்சிக்கும் வைக்கலாம் என்று வாசித்த உடனேயே தெரிந்தது. அன்றிரவு ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணா அதை வாசித்துவிட்டு, ‘இதிலே அம்மா எங்கே இருக்கிறா?’ என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலையில் அந்த வேலையை நிறுத்தச் சொன்னேன். அவர்களுடைய முறை அது. அவசரமாகவும் குறைந்த செலவிலும் தேவைப்படுகிறவர்களுக்கு அது உதவக்கூடும். எங்களுக்கு அது போதவில்லை.

அம்மாவிடம் வீணை பயின்ற ஒருவர்தான் இரண்டாவது இடத்தைச் சொன்னார். முன் விறாந்தையில் ஒரு மேசை, நான்கு கதிரைகள், சுவரோடு மூன்று இரும்பு அலுமாரிகள். அலுமாரிகள் நிறைய அவர்கள் இதுவரை அச்சிட்ட மலர்களின் பிரதிகள். உள்ளே கணினிகள் இரண்டு. பெரிய அச்சு வேலைகள் வேறிடத்தில் நடக்கின்றன. எழுத்தும் பக்க அமைப்பும் மெய்ப்புப் பார்த்தலும் நூல் தைத்தலும் இங்கே. கரையோர ரயில் போகும் ஒவ்வொரு தடவையும் யன்னல் கண்ணாடி அதிர்கிறது. உரிமையாளர் ஐயா எழுபதைத் தாண்டியவர். இளமையில் ஈய எழுத்துக் கோப்பவராகத் தொழில் தொடங்கியவர் என்பதால், ஒரு பக்கத்தைக் கையில் எடுத்தால் முதலில் எழுத்துகளுக்கிடையே உள்ள வெளியைப் பார்க்கிறார், பிறகுதான் வாசிக்கிறார். அவருடன் வேலை செய்யும் இளம்பெண் ஒருவர், நாங்கள் தங்கச்சி என்று அழைப்பவர், எல்லா வீடுகளுக்கும் நேரில் சென்று விபரம் சேகரிக்கிறார். இவ்வளவு பேர்தான் அந்த அச்சகம்.

நாங்கள் போனது பதினோராம் நாள். ஐயா நாள்காட்டியை எடுத்துவைத்துக் கணக்குச் சொன்னார். பதினெட்டாம் நாளுக்குள் எழுத்து முழுவதும் கைக்கு வரவேண்டும், இருபத்திரண்டாம் நாள் கடைசி மெய்ப்பு, இருபத்தைந்தாம் நாள் அச்சு, அதன்பின் மடிப்பும் தையலும் மட்டையும். கார்த்திகை மழைக் காலம் என்பதால் ஈரம் குடித்த கடதாசி இலகுவில் மடியாது, மட்டை சுருளும், ஆகவே இரண்டு நாள் கூடுதலாக வைத்திருக்கிறேன் என்றார். அந்தக் கணக்கில் ஒரு நாளும் பிசகவில்லை. கொழும்பில் வேலை கொடுத்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

அந்த அச்சகத்தை நான் பரிந்துரைப்பதற்கு உரிய காரணம் அடுத்த நாள்தான் தொடங்கியது. தங்கச்சி வீட்டுக்கு வந்தார். முன்னறையில் கதிரை போட்டோம். அவர் குசினியில் இருக்கலாமா என்று கேட்டார். ஒலிப்பதிவுக் கருவியை அம்மிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முதல் அச்சகம் அனுப்பிய பக்கத்தை என்னிடமிருந்து வாங்கி, அதிலிருந்த ‘கருணை’, ‘குடும்பம்’, ‘கலை’, ‘சேவை’ என்ற நான்கு சொற்களின் கீழும் கோடு போட்டார். ‘அக்கா, இந்த நாலு சொல்லையும் எழுதாமல் அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ. கடைசியிலே தேவைப்பட்டால் சேர்ப்பம்’ என்றார். எனக்கு அரைமணி நேரம் ஒன்றும் சொல்ல வரவில்லை. பிறகு அம்மா அரிசி களைந்த தண்ணீரை ஊற்றாமல் வைத்திருந்து பின்னேரம் கறிவேப்பிலைக் கன்றுக்கு விடுவதைச் சொன்னேன். அங்கிருந்து பேச்சு வந்தது.

அவர் கேட்ட கேள்விகளில் சிலவற்றை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மா எந்த விஷயத்துக்குக் கோபப்படுவார் என்று கேட்டார். மலர் ஒன்றில் இறந்தவரின் கோபத்தைப் பற்றி யாரும் கேட்டதாக நான் அறியேன். அம்மாவுக்குக் கோபம் வருவது செத்த வீட்டிலும் கோயிலிலும் பஞ்சபுராணம் என்னும் ஐந்து திருமுறைப் பாடல்களை அவசர அவசரமாகப் படித்து முடிப்பவர்களைக் கண்டால். ஒவ்வொரு பதிகத்துக்கும் அதற்கென்று ஒரு பண் இருக்கிறது, அந்தப் பண்ணை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் ஒப்புவிப்பது சோற்றை வைத்துவிட்டுக் கறியை மறைப்பது போன்றது என்பார். இதைக் கேட்டதும் தங்கச்சி ஐயாவிடம் சொல்லி, மலரில் அச்சான திருமுறைப் பாடல்கள் ஒவ்வொன்றின் மேலும் நட்டபாடை, கொல்லி, இந்தளம் என்று பண்ணின் பெயரையும், அருகே அதற்கு இப்போது வழங்கும் இராகத்தின் பெயரையும் போடுவித்தார். வழக்கமாக எந்த வீட்டு மலரிலும் ஒரே அச்சுக்கோப்பிலிருந்து எடுத்துப் போடப்படும் பக்கங்கள் அவை. எங்கள் மலரில் அவை அம்மாவின் பக்கங்களாகின.

அம்மா யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்தவர். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர் அது. விடியப்புறம் ஏதோ ஒரு வீட்டில் தவில் சாதகம் கேட்டுத்தான் ஊர் எழும்பும் என்று சொல்லுவார். 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அம்மாவுக்குப் பத்தொன்பது வயது. பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்த காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அடுப்பில் இருப்பது கருகினாலும் நிறுத்தமாட்டார். பின்னர் வட இலங்கைச் சங்கீத சபையின் ஆசிரியர் தரத்திலும் சித்தியடைந்து கலாவித்தகர் பட்டம் பெற்றார். 1967இல் திருமணமாகி, அரசாங்க எழுதுவினைஞராக இருந்த அப்பாவுடன் கொழும்புக்கு வந்தபின் எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய கல்லூரி. இவையெல்லாம் எங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த செய்திகள். தங்கச்சி இவற்றைக் குறித்துக்கொண்டார், ஆனால் வீணையைக் காட்டச் சொன்னார்.

வெள்ளவத்தைக் கடற்காற்றில் வீணைத் தந்தி துருப்பிடிக்கும். அம்மா ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் தந்திச் சுருள்களை வைத்து, உப்புக்காற்றுப் படாமல் சிறு பொட்டலத்தில் வறுத்த அரிசியையும் போட்டு மூடி வைத்திருப்பார். வெயில் காலத்தில், தந்தியை அழுத்தி வாசிக்கும் மெட்டுகள் பதிந்திருக்கும் மெழுகு இளகி, இருபத்து நான்கு மெட்டுகளில் ஒன்றிரண்டு அசையும். மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் மீண்டும் பதிக்க, தெரிந்தவர்கள் கொழும்பில் அரிது என்பதால் அதையும் அவரே பழகிக்கொண்டார். சுருதி சேராத வீணையைப் பிள்ளையின் கையில் கொடுப்பது பழுதான பாலைக் கொடுப்பதற்குச் சமம் என்பது அவருடைய கொள்கை. தங்கச்சி அந்த ரின்னையும், பல வருடங்கள் விரல் பட்டுத் தேய்ந்த மெட்டுகளையும் தாமே படம் எடுத்தார். மலரின் அட்டையில் வழமையான குத்துவிளக்கும் தாமரையும் இல்லாமல் அந்த மெட்டுகள்தான் இருக்கின்றன. அம்மாவின் படம் உள்ளே முதற்பக்கத்தில் இருக்கிறது. பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

படத்தில் உள்ள வீணை இரண்டாவது வீணை. முதலாவது 1983 ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தது. நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியில் இருந்த அகதி முகாமில் தங்கி, பின் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். இதுவரை எங்கள் குடும்பத்தில் அந்தக் கதை ‘அம்மாவின் வீணை எரிந்தது’ என்றே சொல்லப்பட்டு வந்தது. லண்டனில் இருக்கும் சின்னம்மாவுடன் தங்கச்சி தொலைபேசியில் ஒரு மணித்தியாலம் பேசியபோதுதான், அம்மா முகாமில் அழுதது வீணைக்காக அல்ல என்று தெரியவந்தது. குருமார் தம் கையால் சுரப்படுத்திக் கொடுத்த ஏழு கொப்பிகள் அந்த நெருப்பில் போயிருந்தன. ‘வீணை வாங்கலாம், அந்தக் கையெழுத்தை எங்கே வாங்குவேன்’ என்று சின்னம்மாவிடம் சொன்னாராம். பிற்காலத்தில் அம்மா ஒவ்வொரு மாணவிக்கும் தாமே கையால் சுரக்கொப்பி எழுதிக் கொடுத்ததும், நாங்கள் ஒளிப்பிரதி எடுத்துக் கொடுக்கச் சொன்னபோதெல்லாம் மறுத்ததும் ஏன் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருந்தும் அதைக் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அடுத்தது நீலக் கொப்பி. அபேக்ஷா என்று இப்போது அழைக்கப்படும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் நோயாளர்களின் குடும்பங்களுக்கு அம்மா சமைத்துக் கொடுத்தது எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்த வருடங்களில், திருகோணமலை வரை கப்பலில் வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து சேரும்போதே பாதிப் பணம் செலவாகியிருக்கும். அப்படி வந்தவர்களில் சிலர் எங்கள் வீட்டிலேயே மாதக்கணக்கில் தங்கினார்கள். வீட்டுக்கு வருபவர்களைப் பொலிஸில் பதியவேண்டியிருந்த காலம் அது. அப்பா ஒவ்வொரு தடவையும் படிவத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய் வருவார். அம்மாவுக்கு வந்த நல்ல பெயரில் அப்பாவின் அந்த நடைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மலரில் எழுதச் சொன்னவர் ஐயாதான்.

தங்கச்சி அலுமாரியில் சுரக்கொப்பிகளைத் தேடும்போது அவற்றுக்கிடையில் ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி அகப்பட்டது. நீல மட்டை, எண்பது பக்கம். அம்மாவின் கையெழுத்தில் கட்டில் இலக்கங்களும் குறிப்புகளும். ஒருவருக்கு வாய்ப்புண், உறைப்பும் புளியும் கூடாது, கஞ்சி ஆறவிட்டுக் கொடுக்கவும். ஒருவருக்குப் பாலப்பம் ஆசை. ஒரு தாய்க்கு இரவில் தனியே இருக்கப் பயம், வெள்ளிக்கிழமை போய் இருக்கவும். சில வரிகளின் எதிரே ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று நாங்கள் ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. வகுப்பு இல்லாத நாள்களின் அட்டவணையும் அதே கொப்பியில் இருந்தது: செவ்வாயும் வெள்ளியும் மஹரகம, மற்ற நாள்கள் மாணவர்கள். சுரக்கொப்பிக்கு இடும் அதே சிவப்புக் கோட்டு ஓரம், அதே நேரான எழுத்து.

அந்தக் கொப்பியின் நான்கு பக்கங்களை அப்படியே படமெடுத்துப் போடலாம் என்று தங்கச்சி சொன்னார். சொன்னவரே, நோயாளர்களின் பெயர்களையும் ஊர்களையும் மறைக்காமல் அச்சுக்குப் போகக்கூடாது என்றும் சொன்னார். அவர்கள் அம்மாவை நம்பிச் சொன்ன விஷயங்கள் அவை, எங்களை நம்பிச் சொன்னவை அல்ல என்ற அவருடைய நியாயத்தை நான் நன்றியோடு நினைக்கிறேன். ஒவ்வொரு பெயரின் மேலும் வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டியபின்தான் படம் எடுத்தார். பணம் வாங்கிச் செய்யும் சேவையில் இப்படி ஒரு கவனத்தை எதிர்பார்க்க முடியாது.

திதி வெண்பாவை ஐயா தாமே யாத்தார். வருடம், மாதம், பிறை, திதி நான்கையும் நான்கு அடிக்குள் தளை தட்டாமல் கொண்டுவந்து, இறந்தவரின் பெயரையும் சேர்த்து, ஈற்றடியை மூன்று சீரில் முடிக்கவேண்டும். குரோதி வருடம், ஐப்பசி, வளர்பிறை வரை கருத்து வேறுபாடு இல்லை. அம்மாவின் உயிர் பிரிந்தது இரவு ஒன்பது மணியளவில். நவமி முடிந்து தசமி பிறக்கும் நேரம். ஒரு பஞ்சாங்கப்படி நவமி, மற்றதன்படி தசமி. வாக்கியமா திருக்கணிதமா என்ற வழக்கு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. ஆண்டுத் திவசம் எந்த நாளில் செய்வது என்பது இதைப் பொறுத்ததால் யாரும் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஐயா எங்களை வாதாட விடாமல், 2009இல் அச்சான அப்பாவின் கல்வெட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதிலிருந்த திதியைப் பழைய பஞ்சாங்கங்களோடு ஒப்பிட்டு, எங்கள் குடும்பம் வாக்கியத்தையே பின்பற்றியிருக்கிறது என்று காட்டினார். ‘பிள்ளை, புருஷனுக்கு ஒரு பஞ்சாங்கம், பெண்சாதிக்கு ஒரு பஞ்சாங்கம் வேண்டாம்’ என்றார். நவமி என்று முடிந்தது. வெண்பாவில் ‘நவமி’ என்ற சொல்லை எதுகையில் வைத்திருக்கிறார். வாசித்துப் பார்த்த தமிழாசிரியர் ஒருவர் நல்ல வெண்பா என்றார்.

நூலின் அளவு பற்றி ஒரு சங்கடம் வந்தது. அச்சுத்தாள் ஒன்றை மடித்தால் பதினாறு பக்கம் வரும் என்பதால், ஆறு தாளுக்குத் தொண்ணூற்றாறு பக்கம் என்று திட்டமிட்டிருந்தார்கள். கொப்பிப் பக்கங்கள் நான்கும் சேர்ந்தபோது நூறாகியது. நூறுக்கு இன்னொரு தாள் ஏற்றினால் செலவும் கூடும், நாளும் கூடும். எதை எடுப்பது என்று கேட்டார்கள். நன்றி நவிலலில் ஆறு பக்கத்துக்கு மலர்வளையம் வைத்தவர்கள், பதாதை கட்டியவர்கள், தொலைபேசியில் துயர் பகிர்ந்தவர்கள் என்று பெயர்ப்பட்டியல் இருந்தது. அதை இரண்டாகச் சுருக்கினோம். இதனால் மனம் வருந்திய உறவினர்கள் உண்டு. நான் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டேன். அந்த முடிவைத் திருப்பி எடுக்க இன்றும் எனக்கு மனமில்லை.

அச்சுத் தரம் நன்று. டெமி அளவு, உள்ளே 80 கிராம் தாள், வண்ணப் படங்களுக்குப் பதினாறு பக்கம் 130 கிராம் ஆட் தாள், மட்டை 300 கிராம், மங்கலான மேற்பூச்சு. பசை ஒட்டு மட்டும் இல்லாமல் நூல் தைத்திருப்பதால் புத்தகம் மேசையில் விரித்தபடி கிடக்கிறது. திருமுறைப் பக்கங்களை வைத்துப் பாடுகிறவர்களுக்கு இது மிகவும் வசதி. அம்மாவின் 1960களின் கறுப்புவெள்ளைப் படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் வருடி எடுத்தார்கள். மருதனார்மடத்தில் வீணையோடு அவர் இருக்கும் சிறிய படத்தில் சேலைக் கரையின் வேலைப்பாடு கூடத் தெரிகிறது. உறவினர்கள் பலர் தங்கள் கட்டுரைகளைப் பாமினி எழுத்துருவில் அனுப்பியிருந்தார்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் அமர்ந்திருப்பதால் ஒருங்குறிக்கு மாற்றும்போது இடையில் இருக்கும் எண்களும் ஆங்கிலச் சொற்களும் சிதைந்துவிடும். அவற்றை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள்.

இனி அவர்களுடைய பிழை. ஐம்பத்தேழாம் பக்கத்தில் இரண்டு படங்களின் விளக்கம் இடம் மாறிவிட்டது. இளம் வயதில் அம்மாவும் சின்னம்மாவும் ஒரே சாயல்; சின்னம்மாவின் படத்தின் கீழ் அம்மாவின் பெயர் விழுந்திருந்தது. கடைசி மெய்ப்பில் அது சரியாகவே இருந்தது, நான் கையொப்பம் இட்ட பிரதி என்னிடம் உண்டு. பிறகு படங்களை ஒழுங்குபடுத்தும்போது மாறியிருக்கிறது. இருபத்தொன்பதாம் நாள் இரவு முதற் பிரதியைக் கையில் எடுத்து அந்தப் பக்கத்தைக் கண்டபோது எனக்கு ஏற்பட்ட வேதனையை மறைக்க விரும்பவில்லை. தாயின் படத்தைத் தவறாகக் காட்டும் மலரை எப்படிக் கொடுப்பது? ஐயா ஒரு சொல்லும் தர்க்கிக்கவில்லை. அன்றிரவே பெயர்ச்சீட்டுகளை அச்சிட்டு, அவரும் தங்கச்சியும் வீட்டாரும் இருந்து, முந்நூறு பிரதியிலும் கையால் ஒட்டினார்கள். விடிய நாலரைக்கு முடிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்குக் காசு வாங்கவில்லை, மொத்தத் தொகையில் ஒரு பகுதியைக் குறைக்கவும் முன்வந்தார், நாங்கள் குறைக்கவில்லை. என்றாலும் கடைசி மெய்ப்புக்குப் பிறகு எதையாவது அசைத்தால் அந்தப் பக்கத்தை மீண்டும் குடும்பத்துக்குக் காட்டவேண்டும். இதை அவரிடமே சொன்னேன், ஏற்றுக்கொண்டார்.

முந்நூறு பிரதிக்கும் சேர்த்து 198,000 ரூபாய், அதாவது பிரதிக்கு 660 ரூபாய். பாதி முற்பணம், மீதி பொருள் கையில் கிடைத்தபின். முதல் அச்சகத்தின் விலையோடு பார்த்தால் இது அதிகந்தான். வீட்டுக்கு வந்து விபரம் சேகரித்ததற்கும் வெண்பாவுக்கும் தனிக் கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையை அவர்கள் எடுப்பதில்லை. நாற்பது பிரதி ஆறு கிலோ அளவில் வந்தது. அண்ணாவும் சின்னம்மாவின் மகனும் தங்கள் பயணப்பெட்டிகளில் கொண்டுபோனார்கள்.

முகத்துவாரத்தில் கிரியைகள் முடிந்து, பம்பலப்பிட்டி மண்டபத்தில் சாப்பாடு கொடுத்து மலரை வழங்கினோம். வழக்கமாகப் பந்தி முடிந்ததும் மலரைப் பைக்குள் வைத்துக்கொண்டு புறப்படுவார்கள். அன்று பலர் கதிரைகளில் இருந்து வாசித்தார்கள். அம்மாவின் மூத்த மாணவி ஒருவர், தாமும் இன்று பாட்டி, கொப்பிப் பக்கங்களைக் கண்டு, செவ்வாய்க்கிழமை வகுப்பை ரீச்சர் ஏன் ஒருநாளும் வைக்கவில்லை என்று ஐம்பது வயதில் தெரிந்துகொண்டேன் என்றார். பேரப்பிள்ளைகளில் தமிழ் சரளமாக வாசிக்க முடியாத இருவருக்கு என் மகள் அந்த நான்கு பக்கங்களையும் வாசித்துச் சொன்னாள். பதினான்கு வயதுப் பையன், பாலப்பம் கேட்டவருக்கு அது கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது. அதே பக்கத்தின் ஓரத்தில் ‘இரண்டு சாப்பிட்டார்’ என்று அம்மா எழுதியிருக்கிறார்.

மலரின் கணினிக் கோப்பையும் கேட்காமலே தந்தார்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டத்தில் நினைவு மலர்களுக்கும் இடம் உண்டு என்றும், குடும்பத்தார் எல்லோரும் சம்மதித்தால் கொடுக்கலாம் என்றும் ஐயா சொன்னார். ஊர் வரலாறு எழுதுபவர்கள் பழைய கல்வெட்டுகளைத் தேடி அலைவதை அவர் கண்டிருக்கிறார். நாங்கள் சம்மதித்தோம்.

இந்த அச்சகம் எல்லோருக்கும் பொருந்தாது. ஒரு வாரத்தில் மலர் வேண்டும் என்பவர்களுக்கு இவர்களால் முடியாது. இறந்தவரைப் பற்றிப் பேசும் நிலையில் வீட்டில் ஒருவரும் இல்லையென்றாலும் கடினம். அவர்களுடைய கேள்விகள் நேரம் எடுப்பவை, சில சமயம் நோவைத் தருபவை. என் தம்பி முதல் நாள் நடுவில் எழுந்து போய்விட்டான், மூன்றாம் நாள்தான் பேசினான். அவசரப்படுத்தாமல் அவனுக்காகக் காத்திருந்தார்கள். பெயர்ப்பட்டியலும் படங்களும் நிறைய வேண்டும் என்பவர்கள் முதலிலேயே அதைச் சொல்லிவிடவேண்டும், இல்லாவிட்டால் எங்களைப் போல் கடைசியில் நெருக்கடிப்பட நேரும்.

ஆண்டுத் திவசத்துக்கு இன்னும் ஐம்பது பிரதி கேட்டிருக்கிறேன். ஐம்பத்தேழாம் பக்கம் திருத்தி அச்சாகும். மலரை வாசித்தபின் மாணவிகள் இருவர் அம்மா தங்கள் கையில் எழுதிக்கொடுத்த சுரக்கொப்பிகளைக் கொண்டுவந்து தந்தார்கள். அவற்றிலிருந்து இரண்டு பக்கம் சேர்க்கவேண்டும் என்று கேட்டபோது, பதினாறின் கணக்கு மீண்டும் வந்தது. நன்றி நவிலலின் மீதி இரண்டு பக்கத்தையும் எடுத்துவிடலாமா என்று ஐயா கேட்டார். முற்பணம் கட்டிவிட்டேன். பற்றுச்சீட்டின் பின்புறத்தில், கடைசி மெய்ப்புக்குப் பிறகு எந்தப் பக்கமும் அசையாது என்று அவர் தம் கையால் எழுதித் தந்திருக்கிறார்.